பிள்ளை பிபிஏ படிக்கிறதா? பெற்றோருக்குக் கொஞ்சம்

நான் பல்கலைக்கழகத்தில் பிபிஏ (வணிக நிர்வாக இளங்கலைப் பட்டம்) மாணவர்களுக்குக் கணக்கியல் எடுக்கிறேன். என்னைத் தேடி வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இரண்டுதான்: மார்க் எப்படி, வேலை கிடைக்குமா. இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இந்தப் படிப்பில் மார்க் ஷீட்டில் ஏறாத சமாச்சாரம் நிறைய உண்டு. அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

"கணக்குன்னா பயம் மேடம், அதான் பிபிஏல போட்டோம்" என்று சிலர் என்னிடமே சொல்வார்கள். முதல் வருடத்திலேயே புள்ளியியல், பொருளியல், நிதிக் கணக்கியல் மூன்றும் வரிசையாக நிற்கும். மார்க்கெட்டிங் எடுத்தாலும் புள்ளியியல் விடாது. ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டால் அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதே அங்கே பாதிப் பாடம். வாராவாரம் பயிற்சிக் கணக்குப் போடுகிற பிள்ளை தேறிவிடும். தேர்வுக்கு முந்தின வாரம் உட்காருகிற பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-லேயே லூக்கா பச்சோலி என்ற துறவி புத்தகமாக அச்சிட்டுவிட்டார். இன்றைக்குப் பதிவு போடும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அது எழுதித் தள்ளுவதைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் ஆள் தேவை. அதனால் ஒவ்வொரு புது வகுப்பிலும் போர்டில் ஒரு சின்னக் கணக்கு எழுதுவேன். சரக்கை 60 கொடுத்து ரொக்கமாக வாங்கினோம், 100-க்குக் கடனுக்கு விற்றோம். லாபம் எவ்வளவு? "நாற்பது!" என்று வகுப்பே கத்தும். சரி, பேங்கில் எவ்வளவு கூடியது? சத்தமே இருக்காது. கூடவில்லை, 60 குறைந்திருக்கிறது. அப்போது பின் பெஞ்சிலிருந்து யாராவது, "வசூல் வரணுமே மேடம்" என்பார்கள். விசாரித்தால் அநேகமாக வீட்டில் ஏதாவது வியாபாரம் இருக்கும்.

நான் பெற்றோரிடம் கேட்பது இதைத்தான். உங்கள் வேலையைப் பிள்ளையிடம் பேசுங்கள். வியாபாரம் என்றால் கடன் புத்தகத்தைக் காட்டுங்கள். யார் இழுத்தடிக்கிறார், ஏன் அவரை விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மாதச் சம்பளக்காரர் என்றால், ஆபீஸில் ஒரு செலவுக்கு ஒப்புதல் வாங்க எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும் என்பதே நல்ல பாடம். "நீ படிக்கிற வேலையைப் பார், இதெல்லாம் உனக்கெதுக்கு" என்று துரத்தினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

இன்னொன்று, வாய். நிஜ நிறுவனம் ஒன்றின் சிக்கலைக் கொடுத்து வகுப்பில் விவாதிக்க வைக்கும் முறையை ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பிரபலமாக்கியது. பல பாடங்களில் இந்த விவாதத்துக்கே தனி மார்க் உண்டு. வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசப் பழகாத பிள்ளை இங்கே வாயைத் திறக்கவே ஒரு செமஸ்டர் ஆகிறது. (அடக்கமான பிள்ளை என்று நீங்கள் பெருமைப்படும்போது நான் மனசுக்குள் பெருமூச்சு விடுவேன்.)

குரூப் ப்ராஜெக்ட்டில் "மத்தவங்க ஒண்ணுமே செய்யல, எல்லாம் நானே செஞ்சேன்" என்ற புலம்பல் உங்கள் காதுக்கும் வரும். உடனே எனக்குப் போன் போடாதீர்கள். வேலை செய்யாதவனிடம் வேலை வாங்குவதும், முடியாவிட்டால் எங்களிடம் வந்து தானே சொல்வதும் பாடத்தின் பகுதிதான்.

வேலை விஷயம். பெரிய நிறுவனங்கள் பல, தங்களிடம் இன்டர்ன்ஷிப் செய்தவர்களிலிருந்தே ஆள் எடுக்கின்றன. கடைசி வருடத்தில் விழித்துக்கொண்டால் தாமதம். விண்ணப்பம் போடுவதை அதற்கு முந்தின வருடமே தொடங்க வேண்டும். ஃபைனான்ஸா, மனிதவளமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

இனிமேல்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், விளம்பரத்தில் இருக்கும் தரவரிசையை விட அங்கீகாரத்தைப் பாருங்கள். 1916-ல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி போன்ற அமைப்புகள் வணிகப் பள்ளிகளுக்கென்றே அங்கீகாரம் தருகின்றன. பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும். பின்னால் ஏசிசிஏ மாதிரிக் கணக்காளர்களுக்கான தொழில்முறைத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், இந்தப் பட்டத்துக்கு எந்தெந்தத் தாள்களில் விலக்கு உண்டு என்று அந்த அமைப்பிடமே நேராகக் கேளுங்கள். அட்மிஷன் கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி ஃபீஸ் கட்டாதீர்கள்.