பக்கத்துப் பாயைப் பார்த்து

2020இல் கொரோனாவால் சிங்கப்பூரில் நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலை அடியோடு படுத்துவிட்டது. மேடை, விளக்கு, ஒலிபெருக்கி என்று ஓடிக்கொண்டிருந்த எங்களில் சிலர் பாதுகாப்பு இடைவெளித் தூதர் வேலைக்குப் போனோம். விலகி இருங்கள், முகக்கவசம் போடுங்கள் என்று மக்களிடம் சொல்லும் வேலை. விமானப் பணிப்பெண்கள்கூட அப்போது அந்த வேலை பார்த்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் என்ற கடற்கரைப் பூங்கா.

சர்க்யூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு முடிந்து, ஜூன் 19இலிருந்து ஐந்து பேர் வரை சேர்ந்திருக்கலாம் என்றார்கள். சாப்பிடும்போதும் ஓடும்போதும் தவிர முகக்கவசம் கட்டாயம். மீறினால் முதல் தடவைக்கு 300 வெள்ளி அபராதம். அதை விதிக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. பக்குவமாகச் சொல்லிப் பார்ப்போம், அவ்வளவுதான்.

ஒரு மாலை ஏழு பேர், எல்லாருக்கும் இருபது வயதுக்குள்தான் இருக்கும், இரண்டு பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சாண் இடைவெளி. “அக்கா, நாங்க வேற குரூப், அவங்க வேற குரூப்” என்றான் ஒருவன். அவன் சொல்லி வாய் மூடவில்லை, சிப்ஸ் பாக்கெட் இந்தப் பாயிலிருந்து அந்தப் பாய்க்குப் போனது. எல்லாருடைய முகக்கவசமும் தாடையில்.

பேசிவிட்டு நகர்ந்தபோது ஒரு பெண் குப்பை போடும் சாக்கில் என்கூட வந்தாள். “வீட்ல பாட்டிக்கு டயாலிசிஸ் நடக்குதுக்கா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இவங்க யாருமே போடல. நான் மட்டும் போட்டா ஒரு மாதிரி பாப்பாங்க.” சரி என்று கேட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பையன் தணிந்த குரலில் கிட்டத்தட்ட அதையே சொன்னான். இருவரும் ஒரே பாயில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவர்கள்!

பிறகு பகுதிநேரமாக உளவியல் படித்தபோது இதற்கு ஒரு பழைய ஆய்வு கிடைத்தது. 1986இல் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான மாணவர்கள் மிதமான எண்ணம் உடையவர்கள்தான். ஆனால் மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு குடித்தாலும் சம்மதம் என்று நினைத்திருந்தார்கள். அப்படி நினைப்பவர்கள் அந்தக் கற்பனைக் கூட்டத்துக்கு ஏற்றபடி தங்களை வளைத்துக்கொள்வார்கள் என்பதுதான் இதில் வினை.

தொற்றுக் காலத்தில் இந்தக் கற்பனை வளர எல்லா வசதியும் இருந்தது. வீட்டில் அடங்கிக் கிடந்தவன் இன்ஸ்டாகிராமில் படம் போடமாட்டான். கடற்கரைக்குப் போனவன் போடுவான். போதாக்குறைக்குக் கூட்டம் நிரம்பிய பூங்காப் படங்கள் செய்தியிலும் வந்தன. கண்டிக்கத்தான் போட்டார்கள். பார்த்த பிள்ளைகளுக்கோ ‘ஊரே வெளியேதான் இருக்கிறது’ என்று பட்டிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘இளசுகளுக்குப் பொறுப்பில்லை’ என்று பெரியவர்கள் பேசியதில் எனக்கு உடன்பாடில்லை. (காப்பிக்கடையில் வெறும் கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் முகக்கவசம் இல்லாமல் கதை பேசிய அங்கிள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

அந்த மாலைக்குப் பின் பூங்காவில் என் பேச்சு மாறியது. “ரொம்பப் பேர் இப்படித்தான் பண்றாங்க, நீங்களுமா?” என்று அலுத்துக்கொள்வதை விட்டேன். “கொஞ்சம் சுத்திப் பாருங்களேன், முக்கால்வாசிப் பேர் ஒழுங்காத்தான் இருக்காங்க” என்பேன். உண்மையும் அதுதான். தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், கை தானாக முகக்கவசத்துக்குப் போகும். எல்லாரிடமும் பலித்தது என்று சொல்லமாட்டேன். பீர் உள்ளே போனவர்களிடம் எதுவும் பலிக்காது.

இதே பழக்கம் நல்ல பக்கமும் இழுக்கும். 2021 ஜூன் 11 முதல் 12இலிருந்து 39 வயது வரையிலான குடிமக்கள் தடுப்பூசிக்குப் பதியலாம் என்றதும் என் தம்பியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு: “உனக்கு எஸ்எம்எஸ் வந்திருச்சா? ஃபைசரா, மொடர்னாவா?” பிளாஸ்திரி ஒட்டிய தோள் படங்கள் வரிசையாக வந்தன. ‘கொஞ்ச நாள் பார்த்துட்டுப் போட்டுக்கலாம்’ என்றிருந்த தம்பி, படங்கள் குவியக் குவிய அவனாகவே பதிந்துகொண்டான். அம்மாவின் நச்சரிப்புக்கு அசையாதவன் அவன்.

இப்போது மறுபடி நிகழ்ச்சி வேலைதான். குழுவில் பாதிப் பேர் பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள். காய்ச்சலோடு வேலைக்கு வருவது இங்கே பெரிய தொல்லை. கூட இருப்பவர்கள் குறைசொல்வார்கள் என்று பயந்தே வருகிறார்கள். அதனால் யாராவது எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதச் சொல்கிறேன். மேலாளரான நான் முந்திக்கொள்ளாமல், “சரிடா, படு, நாங்க பாத்துக்குறோம்” என்ற பதில் முதலில் இன்னொரு பையனிடமிருந்து வரட்டும் என்று கொஞ்சம் காத்திருக்கிறேன்.