செலவான பணமும் முடிந்த வேலையும்

இதுவரை எவ்வளவு செலவு என்று கேட்டால் எந்தக் கட்டட சைட்டிலும் உடனே பதில் வரும். அந்தப் பணத்துக்கு எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று கேட்டால் பல இடங்களில் வராது. கூலி பட்டுவாடா நடக்கும் சனிக்கிழமைக்கு முன்பே அளந்து, இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதி வைத்துவிட வேண்டும்.

மதிப்பீடு 1 கோடியே 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய தேதிக்கு 40 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். செலவு 38 லட்சம். 2 லட்சம் மிச்சம் என்று தோன்றும். மதிப்பீட்டு ரேட்டில் அளந்தால் முடிந்த வேலை 34 லட்சத்துக்குத்தான்! ஆக, 4 லட்சம் கூடுதலாகப் போயிருக்கிறது. 34-ஐ 38-ஆல் வகுத்தால் 0.89, அதாவது ஒரு ரூபாய் செலவுக்கு 89 காசு வேலைதான். இதே போக்கு நீடித்தால் கட்டடம் முடியும்போது செலவு சுமார் 1 கோடியே 34 லட்சம்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு" என்ற பேச்சு. ஸ்லாப்பில், அதாவது கூரைத் தளத்தில், கான்கிரீட்டே போட்டிருக்க மாட்டார்கள். சென்ட்ரிங்குக்கு (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு அமைப்பு) 25 சதவீதம், கம்பி கட்டுவதற்கு 35, கான்கிரீட்டுக்கு 35, முட்டு பிரிப்பதற்கு 5 என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுங்கள். அரைகுறையாகக் கட்டிய கம்பிக்குப் பூஜ்ஜியம். இறக்கி வைத்த கம்பி ஸ்டாக், வேலை அல்ல. பில் வராத ஜல்லி வேலையில் சேர்ந்துவிட்டால் அது செலவுதான்.

பணம் கசியும் இடம் பெரும்பாலும் கண்ணில் படாது. 200 சதுர மீட்டர் ஸ்லாப், கனம் 125 மி.மீ. என்றால் 25 கன மீட்டர் கான்கிரீட். சென்ட்ரிங் லெவல் சரியில்லாமல் சராசரி கனம் 140 ஆகிவிட்டால் 28. எம்20 என்ற தரக் கான்கிரீட் கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை என்றால், 24 மூட்டை சிமெண்ட் கூடுதல். முடிந்த வேலையாகக் கணக்கில் ஏறுவதோ 25 கன மீட்டர்தான். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே கம்பியைக் குத்திக் கனம் பார்த்தால் அங்கேயே திருத்தலாம். மறுநாள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வேலை காலத்தோடு போகிறதா என்று பார்க்க, முடிந்த வேலையான 34-ஐ முடிந்திருக்க வேண்டிய 40-ஆல் வகுக்கிறோம்: 0.85. இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் இது ரூபாயைத்தான் பார்க்கிறது. ஸ்லாப்புக்குள் போகும் எலக்ட்ரிக்கல் பைப்புக்கு மதிப்பு சொற்பம். அது வராவிட்டால் கான்கிரீட்டே நின்றுவிடும். தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அந்த முட்டுகளையே பிரித்து மேல் தளத்துக்குப் போட வேண்டும் என்றால், அந்த 14 நாளும் அட்டவணையில் இருக்க வேண்டும். இன்னொன்று: ஆறு மாதம் தாமதமான கட்டடத்துக்கும் முடியும் நாளில் எல்லா வேலையும் முடிந்திருப்பதால் இந்தக் கால விகிதம் 1 என்றே காட்டும். அதனால் கடைசி மூன்றில் ஒரு பங்கு வேலையில் விகிதத்தை ஒதுக்கிவிட்டு, பாக்கி வேலை ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டுப் பார்க்க வேண்டும்.