பகலில் பார்க்க முடியாத கண்கள்

புலம்பெயர்ந்தவர் கதையில் கூண்டுக்கிளி வந்தால் எனக்கு ஆர்வம் வடிந்துவிடும். கிளி வானத்துக்கு ஏங்கும். கடைசிப் பக்கத்தில் பறக்கும், இல்லையென்றால் சாகும். அது என்ன தின்றது, எந்தக் கம்பியைக் கொத்தியது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. பதினோரு ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்தவன் நான். வானத்துக்கு ஏங்கிய நாட்கள் கொஞ்சம்தான். பழகிப்போன நாட்களே அதிகம்.

பென்யாமினின் மலையாள நாவல் ‘ஆடுஜீவிதம்’ (2008) இந்தப் பழக்கத்தை அறிந்து எழுதப்பட்டது. சவூதி பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் சிக்கிய நஜீப், ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயர்களை வைக்கிறான். பேச்சுத்துணை இல்லாத இடத்தில் ஊரையே பட்டிக்குள் கொண்டுவந்துவிடுகிறான். தானே பிரசவம் பார்த்த குட்டிக்கு நபீல் என்று பெயர்; பிறக்கப்போகும் மகனுக்காக எடுத்துவைத்திருந்த பெயர் அது. பிறகு முதலாளி அந்தக் குட்டிக்குக் காயடிக்கிறான். அன்றோடு தன் ஆண்மையும் போய்விட்டது என்கிறான் நஜீப். அந்தப் பக்கத்தை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்த ஆடு முதலில் ஆடாக இருக்கிறது. அதற்கு நாற்றம் உண்டு, அலறல் உண்டு. அதனால்தான் அதன் வலி அவன் உடம்பிலும் ஏறுகிறது.

இன்னொன்று, ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 1917-ஆம் ஆண்டுச் சிறுகதை. ஆப்பிரிக்கக் கடற்கரையில் பிடிபட்ட குரங்கு ஒன்று, தான் மனிதனாக மாறியதை அறிஞர் சபையில் விவரிக்கிறது. கப்பலில் அதை அடைத்த கூண்டில் நிமிர்ந்து நிற்க உயரமில்லை, உட்கார அகலமில்லை. மூன்று பக்கம் கம்பி, நான்காவது பக்கம் மரப்பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்தபடி முழங்கால் மடக்கி நடுங்கிய குரங்கு, தனக்குச் சுதந்திரம் வேண்டியிருக்கவில்லை, வெளியேற ஒரு வழிதான் வேண்டியிருந்தது என்கிறது. விசா வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. வழி கிடைக்கிறது: கைகுலுக்கக் கற்கிறது, குடிக்கக் கற்கிறது, பேசிவிடுகிறது. மேடையில் புகழும் பெறுகிறது.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அதன் வீட்டு இரவு. அரைகுறையாகப் பழக்கப்பட்ட பெண் சிம்பன்சி ஒன்று அங்கே காத்திருக்கிறது. இரவில் அதனோடு இருக்கும் குரங்கு, பகலில் அதைப் பார்க்க விரும்புவதில்லை. பழக்கப்பட்ட விலங்கின் கலங்கிய பித்து அதன் கண்களில் தெரிகிறதாம். அது தனக்கு மட்டுமே தெரிகிறது, தன்னால் தாங்க முடியவில்லை என்கிறது குரங்கு.

அமெரிக்க எழுத்தாளர் மாலமூதின் 1963-ஆம் ஆண்டுக் கதையிலும் இதே முகத்திருப்பல்தான். அடைக்கலம் தேடி நியூயார்க் வீட்டு ஜன்னலில் நுழையும் பேசும் யூதப் பறவையை, யூதரான வீட்டுக்காரரே வெளியே வீசியெறிகிறார்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், வேலையிடத்துக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்திருந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “அண்ணே, தமிழ்தானே?” என்றான். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டு, அவன் கண்களைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டேன்.