மெடிக்கெய்ட் திட்டத்தில் ஒரு பக்கம் மாறும்போது

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் மெடிக்கெய்ட் க்ளெய்ம்களைக் கையாளும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். குறைந்த வருமானக்காரர்களுக்கான இந்தக் காப்பீட்டை 1965-லிருந்து மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு நடத்துகின்றன. யாருக்குக் கிடைக்கும், எந்தச் சிகிச்சைக்கு, டாக்டருக்கு எவ்வளவு என்று மாநிலம் எழுதி, சி.எம்.எஸ். என்ற மத்திய அமைப்பிடம் ஒப்புதல் வாங்கிய ஆவணம்தான் ஸ்டேட் பிளான். அதை முழுசாகப் படித்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

திருத்தம் என்றால் மொத்தத்தையும் புதிதாக எழுதுவதில்லை. சம்பந்தப்பட்ட பக்கத்தை உருவிவிட்டு வேறு பக்கம் செருகுவார்கள். அடியில் பொடி எழுத்தில் திருத்த எண், எந்தப் பழைய எண்ணுக்குப் பதிலாக வந்தது, ஒப்புதல் தேதி, அமலாகும் தேதி. எங்கள் குழுவுக்கு வேலை வைப்பது கடைசி இரண்டும்தான்.

விண்ணப்பித்த காலாண்டின் முதல் நாள் வரை பின்தேதி கேட்கலாம். மார்ச் 31 அன்று அனுப்பினால்கூட ஜனவரி 1 முதல் அமல். ஆனால் கட்டண முறையை மாற்றுவதென்றால் அமல் தேதிக்கு முன்பே பொது அறிவிப்பு வந்திருக்க வேண்டும். காலாண்டு முடியும் வாரத்தில் பாலிசி பிரிவில் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அப்புறம் 90 நாள் கணக்கு. அதற்குள் சி.எம்.எஸ். மறுக்கவும் இல்லை, எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்கவும் இல்லை என்றால் ஒப்புதல் கிடைத்ததாகவே அர்த்தம். கேட்க நன்றாக இருக்கும். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தாலோ கணக்கு நின்றுவிடும். பதில் போனதும் புதிதாக 90 நாள். மாநிலத்தின் பங்குப் பணம் எங்கிருந்து வருகிறது, மருத்துவமனை வாங்கிய தொகையை முழுதாக வைத்துக்கொள்கிறதா என்றெல்லாம் துருவுவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் மத்தியப் பணம் போகிற இடத்தில் இந்தக் கேள்விகள் நியாயம் என்பதே என் கட்சி.

நான் விரும்பிச் செய்த வேலை, பிரசவத்துக்குப் பிந்தைய காப்பீடு. முன்பு 60-ஆம் நாள் விழும் மாதக் கடைசியோடு தாயின் கர்ப்பகாலக் காப்பீடு முடிந்துவிடும். 2021-இல் வந்த சட்டம், 2022 ஏப்ரல் 1 முதல் அதை 12 மாதமாக்கிக்கொள்ள மாநிலங்களுக்கு வழிவிட்டது. தனி விலக்கு கேட்டு ஆண்டுக்கணக்கில் பேரம் பேச வேண்டியதில்லை, ஒரு திருத்தம் போதும். மென்பொருளிலும் முக்கிய மாற்றம் முடிவுத் தேதிதான். இடையில் வருமானம் கூடினாலும் அந்தத் தேதி அசையக் கூடாது. சோதனையில் அதிக நேரம் பிடித்தது அதுதான்.

கட்டணத் திருத்தம் இப்படிச் சுலபமாக முடியாது. ஒப்புதல் தாமதமானால், அமல் தேதியிலிருந்து வந்த க்ளெய்ம்கள் அத்தனையையும் புது விலையில் மறுபடி ஓட்ட வேண்டும். அந்த வாரம் சின்ன கிளினிக்குகளிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். எப்போதோ பார்த்துமுடித்த நோயாளியின் பேரில் சில டாலர் மட்டும் வந்திருக்கிறதே, எந்தக் கணக்கில் எழுதுவது என்பார் பில் போடும் பெண்மணி. பழைய பேமெண்ட் முழுவதும் கழிக்கப்பட்டு, புதுத் தொகை சேர்க்கப்பட்டு, மிச்சம்தான் வந்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டினால்தான் சரி என்பார். அதற்குள் அடுத்த திருத்தத்தின் வரைவு மெயிலில் வந்திருக்கும்.