கயித்தக் கட்டி வசூல்

ரெண்டு நாளா தெற்கு சூடான் பத்தியே படிச்சிட்டு இருக்கேன், தூக்கம் போச்சு. 2011ல சுதந்திரம் வாங்கின நாடு, ரெண்டரை வருஷம்கூட ஆகல, 2013 டிசம்பர்ல அதிபர் சால்வா கீர் ஆளுங்களும், அவர் பதவியில இருந்து தூக்கின துணை அதிபர் ரியெக் மச்சார் ஆளுங்களும் அடிச்சிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

வறுமைய வெறும் வருமானத்த வச்சு அளக்காம சாப்பாடு, ஸ்கூல், தண்ணி, கக்கூஸ், கரண்ட், அடுப்புக்கு என்ன எரிக்கிறாங்கன்னு பத்து விஷயம் பாப்பாங்க, அதுல மூணுல ஒரு பங்கு இல்லன்னா ஏழைன்னு கணக்கு. 2010 சர்வே படி அங்க நூத்துக்கு 92 பேர் ஏழை. சண்டைக்கு முன்னாடியே!

எண்ணெய் இருக்கே, பணம் எங்கனு கேக்கலாம். அரசு வருமானத்துல 90 சதவீதத்துக்கு மேல அதுதான், ஆனா பைப்லைன் போறது பக்கத்து நாடு சூடான் வழியா, அங்க நடக்கிற சண்டையில 2024 பிப்ரவரில பைப் உடைஞ்சு வருமானம் படுத்துருச்சு, அரசு ஊழியர்களுக்கு மாசக்கணக்கா சம்பளம் இல்ல. சம்பளம் வராத சிப்பாய் சும்மா இருப்பானா? ரோட்டுக்கு குறுக்க ஒரு கயித்தக் கட்டிட்டு நிக்கிறான். லாரி வந்தா காசு, கொஞ்ச தூரத்துல இன்னொரு கயிறு, நைல் நதியில போற படகுக்கும் அதே கதைதான், நிவாரண மூட்டை ஏத்தின லாரியும் தப்பாது. அத்தனையும் கடைசில சோள மாவு விலையிலதான் ஏறும்.

இத 'ஊழல்'னு ஒத்த வார்த்தையில முடிக்கிறது எனக்கு ஒப்பல. மேல இருக்கவனுக்கு எண்ணெய், கீழ இருக்கவனுக்கு கயிறு, அவ்ளோதான் அங்க பட்ஜெட்டு.