கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

மருத்துவமனை லேப்பில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரத்தம் ட்யூபில் வரும், மேலே ஒரு பார்கோடு இருக்கும், அவ்வளவுதான். தம்பி இறந்த பிறகு அந்த வசதியை நம்பித்தான் வேலைக்குத் திரும்பினேன்.

ஆனால் போன் என்று ஒன்று இருந்தது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தாலோ, சர்க்கரை படுபாதாளத்தில் இருந்தாலோ, ரிப்போர்ட் மெதுவாகப் போகட்டும் என்று விட முடியாது. உடனே வார்டைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்கு என்று குறித்துவைக்க வேண்டும். தம்பியின் கடைசி நாட்களில் இப்படியொரு போன் அவனுடைய வார்டுக்கும் போயிருக்கும். ரிசீவரை எடுத்தாலே எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்சார்ஜ் அக்கா இதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் போனைத் தன் மேஜைக்கு நகர்த்திக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. “நீ கோயாகுலேஷன் பாரு, இதை நான் பார்த்துக்கறேன்” என்றார், அவ்வளவுதான். கோயாகுலேஷன் என்றால் ரத்தம் உறைவதைப் பார்க்கும் டெஸ்ட். எனக்கு முதலில் வந்தது கோபம். அடுத்தவருக்காக நைட் ஷிப்ட் மாற்றிக்கொள்வது எனக்குச் சுலபம். என் வேலையை இன்னொருவர் செய்ய, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். கருணை மனதை நெகிழவைக்கும் என்கிறார்கள். கொடுப்பவருக்கு அப்படி இருக்கலாம். வாங்கிக்கொள்பவருக்கு ஆரம்பத்தில் அது கிட்டத்தட்ட அவமானம்தான். அதைத் தாண்ட எனக்கு நாளானது.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, கடைசியில் ஏற்பு. 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் இதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. இறந்தவருக்காக அழுகிறவர்களுக்கும் அதையே மாட்டிவிட்டோம். நானும் ஐந்தாவது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வந்துவிட்டது போல இருக்கும், மதியம் யார்மீதோ எரிச்சல் பொங்கும். ஒரு இடைவேளையில் யாரோ சொன்ன ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தம்பிக்குத் துரோகம் செய்தவள் மாதிரி அன்று முழுக்க உழன்றேன். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-ல் முன்வைத்த விளக்கம் அப்புறம்தான் கண்ணில் பட்டது. துக்கத்தில் இருப்பவர்கள் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே போய்ப் போய் வருகிறார்கள், அந்தப் போக்குவரத்துதான் சமாளிக்கும் வழியே என்கிறார்கள். துக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்பதும் அதில் சேர்த்தி. சிரித்ததற்கு யாரோ அனுமதி கொடுத்தது போல இருந்தது.

இந்த ஏற்ற இறக்கம் எங்கள் வேலையிலேயே இருக்கிறது. தினமும் காலையில், நோயாளிகளின் சாம்பிளுக்கு முன்னால் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த ஒரு சாம்பிள், ஓட்டி, வரும் எண்ணை லீவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளியாக வைப்போம். 1950-லிருந்து லேப்களில் புழங்கும் முறை. மெஷினில் ஒரு கோளாறும் இல்லாதபோதும் சுமார் 20 புள்ளிகளில் ஒன்று 2 எஸ்.டி. கோட்டுக்கு, அதாவது சராசரியிலிருந்து இவ்வளவு விலகலாம் என்று போட்ட எல்லைக்கு, வெளியே விழும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்ததும் பதறி மெஷினைத் திருகுவார்கள், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். நான் என் நாட்களை அப்படித்தான் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு மோசமான நாளை மோசமான நாளாகவே விட்டுவிடுவது. ஏற்பு என்று எனக்கு வாய்த்தது இவ்வளவுதான். தம்பி போனது சரி என்று ஆகவில்லை. ஆகவும் ஆகாது.

அதே சார்ட்டுக்கு இன்னொரு விதியும் உண்டு, ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் 1981-ல் வெளியிட்ட தொகுப்பில் இருப்பது. ஒரு புள்ளிகூடக் கோட்டைத் தாண்டாவிட்டாலும், தொடர்ந்து 10 புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கமாக விழுந்தால் அங்கே ஏதோ நகர்ந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, லீவும் போடவில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. மனச்சோர்வு நோயா என்று டாக்டர்கள் பார்ப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். குறைந்தது 2 வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி. “டாக்டரைப் பாரு” என்று அக்கா சொன்னபோது மறுக்கவில்லை. கவுன்சலிங், கொஞ்ச காலம் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டால் துக்கம் பொய்யாகிவிடுமோ என்ற பயம் இருந்தது. தூக்கம் வந்தது, துக்கம் அப்படியேதான் இருந்தது.

போன் இப்போது பழையபடி பொது மேஜைக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் நானே பேசிவிடுகிறேன். முடியாத நாளில், “இன்னைக்கு போன் நீங்க பாருங்கக்கா” என்பேன். “சரி, அப்ப அந்த ஸ்டாக் ரிஜிஸ்டரை முடிச்சிடு” என்பார். லேப்பில் யாருக்குமே பிடிக்காத வேலை அது. சலுகைக்கு அக்கா வசூலிக்கும் வட்டி என்று நினைக்கிறேன்.