திங்கட்கிழமை மூச்சு

சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் எந்த நர்ஸைக் கேட்டாலும், வாரத்திலேயே கனமான ஷிஃப்ட் திங்கட்கிழமை காலை என்றுதான் சொல்வார். திங்கள், புதன், வெள்ளி என்று வருகிறவர்களுக்கு மற்ற சமயங்களில் நடுவே ஒரு நாள்தான். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே மட்டும் இரண்டு நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கம் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு. சிறுநீர் அறவே நின்றுபோனவர்களுக்குக் குடித்த தண்ணீரும், இட்லியிலும் சோற்றிலும் ரசத்திலும் போன தண்ணீரும் உள்ளேயே தங்கும். வெள்ளிக்கிழமை 60 கிலோவில் வீட்டுக்குப் போனவர் திங்களன்று 64 காட்டினால், கூடியது சதை இல்லை, நாலு லிட்டர் தண்ணீர்.

எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே நான் பார்ப்பது அவர்களுடைய மூச்சைத்தான். வராந்தாவில் வரும்போது எத்தனை தடவை நிற்கிறார், ஒரு பேச்சை முழுசாகச் சொல்லி முடிக்கிறாரா என்று கவனிப்பேன். "ராத்திரி படுத்தீங்களாய்யா?" என்று கேட்பேன். "எங்க சிஸ்டர் படுக்க? சுவத்துல சாஞ்சு உக்காந்தே இருந்தேன்" என்று பதில் வந்தால் ஸ்டெதஸ்கோப் வைக்காமலேயே விஷயம் புரிந்துவிடும். படுத்தால் காலில் தேங்கிய நீர் நெஞ்சுப் பக்கம் திரும்பும். நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் போனால் நீர் கசிந்து காற்றுப் பைகளுக்குள் இறங்கிவிடும். சிலருக்கு மூச்சுக் குழாயும் வீங்கி, ஆஸ்துமாக்காரர் மாதிரியே விசில் சத்தம் வரும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு வெளியே ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று இரவு முழுக்க மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் வைத்து, விடிந்த பிறகு எங்களிடம் அனுப்பினார்கள். அவருக்கு ஆஸ்துமாவே இல்லை, ஏறிய தண்ணீர்தான். மூன்று லிட்டர் நீரை இறக்கியதும் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார்.

"அப்ப எல்லாத் தண்ணியையும் ஒரேயடியா எடுத்துடுங்க" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 60 கிலோ உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருப்பது வெறும் மூன்று லிட்டர்தான். மெஷின் கைவைக்க முடிந்தது அதில் மட்டும். சதையில் தேங்கியிருக்கும் நீர் மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்பினால்தான் அடுத்ததை எடுக்கலாம். ஊற்றுக் கிணற்றில் இறைக்கிற கணக்குதான், ஊறுகிற வேகத்துக்கு மேல் இறைத்தால் தரை தட்டிவிடும். இங்கே தரை தட்டுவது என்றால் பிரஷர் சரிவது, கெண்டைக்கால் முறுக்கி இழுப்பது, கண் இருட்டுவது. ஒரு கிலோ எடைக்கு, மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 60 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர் சொச்சம். ஞாயிற்றுக்கிழமையின் நாலு லிட்டர் அதற்குள் அடங்காது.

மூச்சு வாங்குவதெல்லாம் தண்ணீர் ஏறியதால் அல்ல என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பெண்களுக்குப் புரியவைப்பதுதான் சிரமம். மகள் கல்யாணம் என்று இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்டுவிட்டு வந்தார் ஒருவர். கால் வீங்கவில்லை, மல்லாந்து படுக்கவும் முடிந்தது. மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, ஆக்சிஜன் சாச்சுரேஷன் 98 இருக்கு, நெஞ்சும் கிளியரா இருக்கு. பயத்துல வாங்குறாரோ?" என்றாள் கூட இருந்த பெண். தமனி ரத்தத்தில் அமிலத்தையும் வாயுக்களையும் அளக்கும் ஏபிஜி பரிசோதனை எடுத்தோம். பிஹெச் 7.18, பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு 22. பிஹெச் இறங்கினால் ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம், பைகார்பனேட் என்பது அந்த அமிலத்தை அடக்கும் காரம். இருக்க வேண்டியது பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் இடையில், பைகார்பனேட் 24 வாக்கில், கார்பன் டை ஆக்சைடு 40 வாக்கில்.

உடம்பு நாள் முழுக்க அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. நாளொன்றுக்கு 15,000 மில்லிமோல் அளவில் நுரையீரல் அதை ஊதித் தள்ளுகிறது. சாப்பிட்ட புரதத்திலிருந்து வருகிற அமிலம் வேறு வகை. கிலோவுக்கு ஒரு மில்லிமோல் என்று வைத்தாலும் 60 கிலோ ஆளுக்கு அறுபதுதான். ஆனால் அது வாயுவாக மாறி வெளியேறாது, சிறுநீரில்தான் போயாக வேண்டும். சிறுநீரகம் கைவிட்டதும் அந்தக் கொஞ்சம் நாள்தோறும் சேர்ந்து பைகார்பனேட்டைத் தின்றுவிடுகிறது. உடனே நுரையீரல், தன் பங்கு அமிலத்தையாவது குறைப்போம் என்று கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாகத் தள்ளுகிறது. 1874இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்து எழுதிய ஆழ்ந்த மூச்சும் இதே ரகம். அந்த மூச்சு நோய் இல்லை, நோயைத் தாங்கிப் பிடிக்கிற வேலை. 'படபடப்பாக இருக்கிறார்' என்று தூக்க ஊசி போட்டாலோ, வென்டிலேட்டரில் மாட்டி நிமிடத்துக்கு 14 மூச்சு என்று அமைத்துவிட்டாலோ, அந்த வேலை நின்றுபோய் பிஹெச் சரசரவென்று சரியும். கல்யாண வீட்டுக்காரருக்கு மூச்சுக்கென்று எதுவும் செய்யவில்லை. டயாலிசிஸ் திரவத்திலிருந்து பைகார்பனேட் ரத்தத்துக்கு ஏற ஏற, மூன்றாவது மணி நேரத்தில் அவர் மூச்சு தானாகவே தணிந்தது.

நுரையீரல் உதவிக்கு வர நிமிடங்கள் போதும். சிறுநீரகம் பதில் உதவி செய்ய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். பல வருடம் பீடி பிடித்து நுரையீரல் கெட்டவருக்கு கார்பன் டை ஆக்சைடு 60 இருக்கும், பைகார்பனேட் 34 இருக்கும், ஆனால் பிஹெச் 7.37 என்று சாதுவாக நிற்கும். பைகார்பனேட்டை அவருடைய சிறுநீரகம் நிதானமாகச் சேர்த்துவைத்திருக்கிறது.

இந்த பைகார்பனேட் எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்து பிளெக்டம் மருத்துவமனையில் போலியோ நோயாளிகள் வரிசையாக இறந்துகொண்டிருந்தபோது நடந்தது அதுதான். பரிசோதனையில் எண் உயர்ந்து காட்டியது. ரத்தத்தில் காரம் கூடிவிட்டது, ஏன் என்றுதான் புரியவில்லை என்று மருத்துவர்கள் குழம்பினார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென், காரமும் இல்லை ஒன்றுமில்லை, மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது என்றார். பிஹெச்சை அளந்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. தொண்டையில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து மாதக்கணக்கில் அழுத்தினார்கள். இன்றைய ஐசியூவுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. ஏபிஜி சீட்டில் ஒரு எண்ணை மட்டும் போனில் வாசித்துவிட்டு வைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

திங்கட்கிழமைக்கே வருகிறேன். "தண்ணி குடிக்காதீங்க" என்று திட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கத்திரி வெயிலில் தாகத்தோடு யாரும் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஒரு லிட்டர் சலைன் பாட்டிலில் 9 கிராம் உப்பு இருக்கிறது, ரத்தத்தின் உவர்ப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் 9 கிராம் உப்பை வெளியேற்ற வழியில்லாமல் உள்ளே போட்டால், உடம்பு ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். எனவே இப்போது எத்தனை டம்ளர் என்று கேட்பதில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்றுதான் விசாரணை நடக்கும். "உப்புப் போடாத கருவாட்டுக்கு எங்க போறது சிஸ்டர்?" என்று அந்த பஸ் டிரைவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பை, நல்லது என்று நினைத்துப் பிள்ளைகள் வாங்கித் தந்துவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் சோடியத்தைக் குறைத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடைக் கலந்திருப்பார்கள். சிறுநீர் போகாதவருக்கு அந்தப் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். அடுத்த தடவை வரும்போது அடுப்படியில் இருக்கும் உப்புப் பாக்கெட்டை எடுத்து வரச் சொல்லி, பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதை நானே வாசித்துப் பார்த்துவிடுகிறேன்.